முள்ளில் காய்ந்த ஜட்டிகள்

அத்தியாயம் 4

ஜட்டி விற்றுப் பெரிய மனிதரான பொங்கியண்ணன், காயப்போட்ட ஜட்டியை எடுக்கப் போன இடத்தில் செத்தார். எவ்வளவு மரியாதையாகச் சொன்னாலும் சங்கதி இவ்வளவுதான். ஆனால் திருப்பூர் வேலம்பாளையம் பூராவும் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் ‘ஆப்பிரிக்க மண்ணில் இயற்கையோடு கலந்தார்’ என்று அச்சடித்திருந்தார்கள். அவர் கலந்தது ஒரு நீர்யானையின் வாயில். சிங்கமாக இருந்திருந்தால் போஸ்டரில் அதன் படத்தையும் போட்டிருப்பார்கள். நீர்யானைக்கு அந்த அளவு அந்தஸ்து இல்லை.

அந்தப் போஸ்டர்களில் ஒன்றுக்கு நேர் எதிரே, பேக்கரி மாடியில், நாகஜோதியின் துப்பறியும் நிலையம் இருந்தது. ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் கிளெய்ம்களைப் பிடித்துக்கொண்டிருந்தவள். இப்போது பெரும்பாலும், மாப்பிள்ளை குடிப்பாரா என்று விசாரித்துச் சொல்வது தொழில். உதவியாளன் மயில்சாமி. நூல் கமிஷன், பழைய மிஷின் கமிஷன், மனை கமிஷன் எல்லாவற்றிலும் தோற்று, வாயை மட்டும் மிச்சம் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தவன்.

எதிரே பழனியம்மாள் உட்கார்ந்திருந்தாள். பொங்கியண்ணன் வீட்டுச் சமையல்காரர் வெள்ளியங்கிரியின் மனைவி.

“எல்லாரும் திரும்பி வந்துட்டாங்க மேடம். முதலாளி பொணம் கூட வந்துருச்சு. என்ற ஊட்டுக்காரரு மட்டும் வரலீங்க.”

“அங்கே ஸ்டேஷன்ல வெச்சிருக்காங்க, இல்லையா?”

“ஆமாங்க. திங்கட்கிழமை கோர்ட்டுங்களாம். அவுருக்கு அந்த ஊரு பாஷையும் தெரியாது, இங்கிலீசும் தெரியாது. ரசம் வெக்கத்தான் தெரியும்.”

நடந்தது இதுதான். பொங்கியண்ணனிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, நல்லுறவுப் பரிசாக அவர் குடும்பத்தைக் கென்யாவில் ஒரு சொகுசுக் கூடார முகாமுக்கு அனுப்பிவைத்தது. பெரியவர், மகன் சசிகுமார், மருமகள் அக்ஷரா, மகள் சுபஸ்ரீ. ரசம் இல்லாமல் பெரியவருக்குச் சோறு இறங்காது என்பதால் வெள்ளியங்கிரியும் புளி மூட்டையோடு கூடப் போனார். இருட்டிய பிறகு கூடாரத்தை விட்டு யாரும் தனியாக வெளியே வரக்கூடாது, ஈட்டி பிடித்த காவலாளியைக் கூப்பிட்டுக்கொண்டுதான் வரவேண்டும் என்பது முகாமின் முதல் சட்டம். ராத்திரியில் நீர்யானைகள் ஆற்றை விட்டு மேலேறிப் புல் மேய வரும். அவற்றுக்கும் தண்ணீருக்கும் நடுவில் நிற்பவன் பிழைப்பதில்லை. பொங்கியண்ணன் தனியாக வெளியே போனார். ஆற்றோரத்து முட்புதர் பக்கத்தில் கிடந்தார். புதரில் அவருடைய ஜட்டிகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

“ஏனுங்க, அம்புட்டுப் பெரிய ஓட்டல்ல துணி தொவைக்க ஆளில்லீங்களா?” என்று கேட்டான் மயில்சாமி.

“சட்டை பேண்ட்டெல்லாம் தொவைச்சு, தேய்ச்சுக் குடுப்பாங்களாமுங்க. உள்துணியை மட்டும் தொட மாட்டாங்களாம். அங்கத்து வழக்கம். அதான் என்ற ஊட்டுக்காரரு தொவைச்சாரு.”

மயில்சாமி நாகஜோதியைப் பார்த்தான். “பாருங்க மேடம். பாதி உலகத்துக்கு ஜட்டி போட்டு உட்டவரு. அவரு ஜட்டியைத் தொட அங்க ஒருத்தனில்லை.”

“இவரு கூடாரத்துக்குப் பின்னாடி கயித்துலதான் போட்டாருங்க,” என்றாள் பழனியம்மாள். “ஆனா சசிகுமார் தம்பி போலீசுல, சமையல்காரன்தான் ஆத்தோரம் கொண்டுபோய்ப் போட்டான், அவன் அஜாக்கிரதையாலதான் எங்கப்பா செத்தாருன்னு எழுதிக் குடுத்துட்டாரு. இவரைப் புடிச்சுட்டுப் போறதுக்கு முன்னாடி, அந்தப் புதரைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புனாரு. ‘நான் இங்க போடலை பழனி’ன்னு அழுதாரு.”

போனை நீட்டினாள். நாகஜோதி படத்தைப் பெரிதாக்கினாள். தள்ளினாள். மறுபடி பெரிதாக்கினாள். பிறகு எழுந்து செருப்பைப் போட்டாள்.

“மயில்சாமி, வா. உன் பனியனைக் கழற்று.”

“மேடம், நான் குடும்பஸ்தன்.”

பேக்கரிக்குப் பக்கத்துக் காலிமனையில் சீமைக்கருவேலம் மண்டியிருந்தது. மயில்சாமி சட்டையை மட்டும் திரும்பப் போட்டுக்கொண்டு, பனியனைக் கையில் வைத்து நின்றான். பழனியம்மாளும் பின்னாலேயே வந்திருந்தாள்.

“இதை அந்த முள்ளுல காயப்போடு. காத்துல பறக்கக் கூடாது.”

அவன் பனியனை விரித்து, இரண்டு முள்ளில் அழுத்திக் குத்தினான். நெஞ்சுப் பகுதியில் இரண்டு ஓட்டைகள் விழுந்தன. இழுத்ததும் ஒன்று இழை பிரிந்து கம்பியாகக் கீழே ஓடியது.

“ஓட்டை உழுந்துருச்சுங்க மேடம். புதுப் பனியன்.”

“நீயும் நானும் போட்டா இப்படித்தான் போடுவோம். முகாம்காரனும் இப்படித்தான் போடுவான். வெள்ளியங்கிரி?”

“அவுரு ஊட்டுல கதவு மேல வீசுவாருங்க,” என்றாள் பழனியம்மாள். “கயிறு இருந்தா கயித்து மேல வீசுவாரு.”

நாகஜோதி படத்தைக் காட்டினாள். “இதுல ஒவ்வொரு ஜட்டியும் எங்கே குத்தியிருக்கு பாரு. எல்லாமே பக்கவாட்டுத் தையல்ல. துணியில ஒரு முள்ளும் ஏறலை.”

மயில்சாமி சிரிப்பதை நிறுத்தினான். திருப்பூரில் பிறந்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. விலைச்சீட்டைச் சரக்கில் அடிக்கும்போது ஊசி தையலில்தான் ஏற வேண்டும். பின்னல் துணியில் ஏறினால் ஓட்டை, ஓட்டை விழுந்தால் அது ஓடும், ஓடினால் ரிஜெக்ட். சரக்கைச் சோதிக்கும் செக்கிங் மேஜையில் நின்ற கைக்கு இது மூச்சு விடுவது மாதிரி. யோசித்துச் செய்வதில்லை.

“அப்படீன்னா,” என்றான் மெதுவாக, “ஒரு ஆளைச் சாகடிக்கத் துணியைப் போட்டவங்க, துணிக்கு மட்டும் சேதாரம் ஆகாமப் பார்த்துப் போட்டிருக்காங்க.”

“ஆமா.”

“மேடம், நம்மூர்க்காரங்கதான். சந்தேகமே இல்லை.”

“சசிகுமார்தான்,” என்றாள் நாகஜோதி. “கம்பெனி இனி அவனுக்கு. பழியைச் சமையல்காரர் மேல எழுதிக் குடுத்ததும் அவன்.”

அப்படித்தான் நினைத்தாள்.

*

கருமாதி, வீட்டில் இடம் பத்தாது என்று கம்பெனி வளாகத்திலேயே நடந்தது. பந்தல் போட்டு, ஏர்கூலர் வைத்து, நுழைவாயிலில் பெரியவரின் முகம் போட்ட கறுப்பு டிசர்ட் எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முகத்துக்குக் கீழே ‘லெஜண்ட்’ என்று அச்சு. துக்கத்துக்கு வந்த ஒறம்பரைச் சொந்தம் வாங்கியவுடன் முதல் வேலையாகத் துணியை விரலால் தேய்த்துப் பார்த்து, இது எத்தனை ஜிஎஸ்எம் கனம் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டது. பழனியம்மாள் உள்ளே வர மறுத்து கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டாள்.

பயண இன்சூரன்ஸ் விஷயம் என்று நாகஜோதி அறிமுகம் செய்துகொண்டதும் சசிகுமாரே நாற்காலி போட்டான். அவனும் அந்தக் கறுப்பு டிசர்ட்டில் இருந்தான். லண்டனில் எம்பிஏ படித்தவன். திரும்பி வந்ததிலிருந்து யாரிடமும் பேசுவதில்லை, உரையாற்றுவான்.

“மேடம், அது வெறும் ஸ்டே கிடையாது. அது ஒரு ஃபிலாசபி. கூடாரம்னு சொல்றோம், ஆனா உள்ளே தேக்குக் கட்டில், பித்தளை பாத்டப், சாண்டிலியர். ராத்திரி போர்வைக்குள்ள வெந்நீர்ப் பை வெச்சு வெதுவெதுன்னு பண்ணி வெப்பாங்க. வெளியே சிங்கம் கத்தும். ஆக்சுவலா சிங்கத்துகிட்ட இருந்து லீடர்ஷிப் பத்தி நான் கத்துக்கிட்டது நிறைய.”

“சிங்கம் என்ன சொல்லுச்சுங்க?” என்றான் மயில்சாமி.

“அது வேட்டையாடாது. பெண் சிங்கம்தான் வேட்டையாடும். ஆண் சிங்கம் விஷனை மட்டும் பார்த்துக்கும்.”

“பொறவு திங்கறதுக்கு மட்டும் முன்னாடி வருமுங்களா?”

சசிகுமார் அதை ஒரு நல்ல கேள்வியாக எடுத்துக்கொண்டு தலையாட்டினான்.

“உங்கப்பா ஏன் காவலாளியைக் கூப்பிடலை?” என்றாள் நாகஜோதி. “கூடாரத்துல விசில் இருந்திருக்குமே.”

“இருந்துச்சு. அப்பா பழைய ஆளுங்க. அவருக்கு இந்த எக்கோசிஸ்டம் புரியலை.”

“அன்னைக்குச் சாயங்காலம் நீங்க எங்கே இருந்தீங்க?”

“எல்லாரும் ஜீப்ல டிரைவ் போயிருந்தோம். அக்காவுக்கு மட்டும் தலைவலி. கூடாரத்துலயே படுத்துட்டா.”

பந்தலில் யாரோ மைக்கைத் தட்டினார்கள். சடங்கு நெருங்கிக்கொண்டிருந்தது. தாய்மாமன் வந்து சசிகுமார் தலையில் உருமால் கட்டுவார். கட்டிவிட்டால் அவன்தான் குடும்பத்துக்குத் தலை, கம்பெனிக்கும் தலை. அதற்கு முன்னால் எல்லோருக்கும் துக்க பேட்ஜ் குத்த வேண்டும். சின்னக் கறுப்புத் துணி, ஒரு குண்டூசி. நாகஜோதி கண் காட்டியதும், பேட்ஜ் தட்டை ஏந்திக்கொண்டிருந்த ஆளிடமிருந்து மயில்சாமி அதை வாங்கிக்கொண்டான்.

“எடுத்துக்கங்க தம்பி. நீங்களே குத்திக்கங்க. நான் குத்துனா ரத்தம் வரும்.”

நாகஜோதி சசிகுமாரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை எங்கே போகிறது என்பதில் ஒரு மனிதனின் விடுதலை இருந்தது.

சசிகுமார் பேட்ஜை எடுத்தான். ஊசியை, டிசர்ட்டில் சிரித்துக்கொண்டிருந்த அப்பாவின் மூக்கில், நட்டநடுவில் குத்தினான். சரியாக நிற்கவில்லை. பிடுங்கினான். கன்னத்தில் குத்தினான்.

நாகஜோதியின் வழக்கு அங்கேயே படுத்துவிட்டது. இவனுக்குத் துணி தெரியாது. ஜட்டிக் கம்பெனியின் அடுத்த முதலாளிக்கு, துணியில் ஊசி எங்கே குத்துவதென்றே தெரியாது. முள்ளில் தையல் பார்த்துக் குத்திய கை இது இல்லை.

“டேய், நடுவுல குத்தாதேடா.”

பின்னாலிருந்து ஒரு பெண் கை வந்தது. ஊசியைப் பிடுங்கியது. விழுந்த ஓட்டையைக் கட்டைவிரல் நகத்தால் இரண்டு தரம் தேய்த்து, ஓடாமல் நிற்கிறதா என்று வெளிச்சத்துக்கு இழுத்துப் பார்த்தது. பிறகு தோள்பட்டைத் தையலைத் தடவிக் கண்டுபிடித்து, அதில் பேட்ஜைக் குத்தி நிறுத்தியது. கண் அந்தப் பக்கம் போகவே இல்லை. விரல்களே பார்த்துக்கொண்டன.

“எத்தனை தரம் சொல்றது. தையல்ல குத்து,” என்றாள் சுபஸ்ரீ.

மயில்சாமியின் கையில் தட்டு ஆடாமல் நின்றது.

*

செக்கிங் செக்‌ஷனில் அன்றைக்கு ஆள் இல்லை. நீளமான வெள்ளை மேஜைகள் மேல் டியூப்லைட் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. ஒரு கையெழுத்து வேண்டும் என்று நாகஜோதி கூப்பிட்டதும் சுபஸ்ரீ வந்துவிட்டாள். மயில்சாமி கதவை ஒட்டி நின்றான்.

“இந்த மேஜையிலதான் இருபது வருஷமா நிக்கறேனுங்க,” என்றாள் சுபஸ்ரீ. “எங்க கையெழுத்துப் போடணும்?”

“முதல்ல இதைப் பாருங்க.” நாகஜோதி போனை மேஜையில் வைத்தாள்.

சுபஸ்ரீ குனிந்தாள். புதரையும், ஆற்றையும், துணிகளையும் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கை தானாகப் படத்தைப் பெரிதாக்கி, ஒரு தையலில் நின்றது. பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

“நீங்க போலீசுங்களா?”

“இல்லை. வெள்ளியங்கிரி சம்சாரத்துக்காக வந்திருக்கேன்.”

“இந்தப் போட்டோவை வெச்சு எந்தக் கோர்ட்டுலயும் ஒண்ணும் பண்ண முடியாதுங்க.”

“முடியாது. ஒத்துக்கறேன்.” நாகஜோதி ஜன்னல் வழியாகப் பந்தலைக் காட்டினாள். “ஆனா அங்கே உக்காந்திருக்கற அத்தனை பேரும் பனியன் கம்பெனிக்காரங்க. நான் வாயே திறக்க வேண்டாம். இந்தப் போனைக் கைமாத்தி விட்டாப் போதும். உங்க தாய்மாமன்கிட்ட போறதுக்குள்ள எல்லாருக்கும் தெரிஞ்சிரும், முகாமுக்குப் போனவங்கள்ல தையல் தெரிஞ்ச கை யாருதுன்னு.”

சுபஸ்ரீ நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அழவில்லை.

“என்ன வேணுமுங்க?”

“வெள்ளியங்கிரி வீட்டுக்கு வரணும். அங்கே ஒரு வக்கீலைப் பிடிச்சிருக்கேன். துணியை அந்த ஆள் ஆத்தோரம் போடலைன்னு, கூட வந்த குடும்பத்துல ஒருத்தர் வாயால வந்துட்டாப் போதும்ங்கறார். திங்கட்கிழமை விட்டுருவாங்க. துணியைப் போட்டது யாருன்னு நீங்க சொல்லணும்.”

“ரெக்கார்ட் பண்ணுங்க.”

நாகஜோதி போனில் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். சுபஸ்ரீ நிமிர்ந்து, சரக்குப் பற்றி வெளிநாட்டுக்காரனுக்குப் பதில் சொல்லும் குரலில் பேசினாள். பெயர், அப்பா பெயர், முகாமின் பெயர். கூடாரத்துக்குப் பின்னாடி நிழல், துணி காயவில்லை, அதனால் சாயங்காலம் நான்தான் எடுத்துக்கொண்டுபோய் ஆற்றோரம் வெயிலில் போட்டேன். சமையல்காரருக்கு இது தெரியாது. அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. சம்பவத்தின் அதிர்ச்சியில் முன்பே சொல்லவில்லை.

“போதுமுங்களா?”

நாகஜோதி பொத்தானை அணைத்தாள். “இது போதும்.”

வெளியே மேளம் தட்டிப் பார்த்தார்கள். சுபஸ்ரீ எழுந்திருக்கவில்லை.

“அவரு கம்பெனியை அவனுக்குக் குடுத்ததுக்காகன்னு நினைச்சுக்காதீங்க,” என்றாள். “அது எப்பவோ தெரிஞ்சதுதான். முந்தின நாள் ராத்திரி, நெருப்பு மூட்டி அதைச் சுத்தி உக்காந்து சாப்பிடறோம். பக்கத்துல வேற வெள்ளைக்காரங்க. என்னைக் காட்டி, இவள் என்ன பண்றாள்னு ஒருத்தி எங்கப்பாவைக் கேட்டா. சசிதான் தமிழ்ல மாத்திச் சொன்னான். எங்கப்பா சிரிச்சுட்டு, ‘இவளா, சும்மா ஊட்டுல இருக்கா’ன்னாரு.”

நாகஜோதி போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“சரக்கு ஒவ்வொண்ணும் என்ற கையில ஏறி எறங்கித்தான் கப்பலுக்குப் போகுது. சும்மா ஊட்டுல இருக்கேனாமா.”

“உங்கப்பாகிட்ட யாராவது சொல்லியிருக்கணும்,” என்றாள் நாகஜோதி. “துணி ஆத்தோரம் கிடக்குன்னு அவருக்கு எப்படித் தெரியும்?”

“நான்தான் சொன்னேனுங்க. எல்லாரும் படுத்ததுக்கப்பறம் அவரு கூடாரத்துக்குப் போனேன். என்னைக் கொண்டுபோய் விட்ட காவலாளி கொஞ்சம் தள்ளி நின்னுட்டிருந்தான். ‘வெள்ளியங்கிரி உங்க ஜட்டியெல்லாம் ஆத்தோரம் போட்டு வெச்சிருக்கானுங்கப்பா. காலைல வெள்ளைக்காரங்க காமிராவோட அக்கட்டதான் போவாங்க’ன்னேன். ‘நீ போய் எடுத்துட்டு வா கண்ணு’ன்னாரு. ‘எனக்குப் பயமா இருக்குதுங்கப்பா, நீங்க போங்க, காவக்காரனைக் கூட்டிட்டுப் போங்க’ன்னேன். அதையும் சொன்னேனுங்க. சொல்லலைன்னு சொல்லாதீங்க.”

“அவர் என்ன சொன்னார்?”

“‘ஜட்டி எடுக்கப் போகோணும், கூட வாடான்னு அவன்கிட்ட எப்படிச் சொல்றது’ன்னாரு.” சுபஸ்ரீ மேஜையின் விளிம்பைத் தடவினாள். “சொல்ல மாட்டாருன்னு எனக்குத் தெரியுமுங்க. காவலாளி என்னைத் திரும்ப விட்டுட்டு அந்தப் பக்கம் போற வரைக்கும் காத்திருந்து, தனியாத்தான் போவாரு. அவரு அப்படித்தான்.”

மேளம் முழங்கியது. பந்தலிலிருந்து ஒரு கிழவி உள்ளே எட்டிப் பார்த்து, “சுபா, தட்டு புடிக்க நீ வராம எப்படிக் கண்ணு, மாமன் காத்துட்டிருக்காரு,” என்றாள். சுபஸ்ரீ முந்தானையைச் சரிசெய்துகொண்டு போனாள். சற்று நேரத்தில் ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அவள் தட்டை ஏந்தி நிற்க, தாய்மாமன் அதிலிருந்து உருமாலை எடுத்துச் சசிகுமாரின் தலையில் சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு சுற்று தளர்ந்து விழப்போனதை அவள் ஒரு விரலால் உள்ளே செருகினாள்.

“மேடம்,” என்றான் மயில்சாமி. அவன் குரலில் வழக்கமான நக்கல் எதுவும் இல்லை. “ரெண்டாவது சொன்னதை நீங்க ரெக்கார்ட் பண்ணலை.”

“பண்ணலை.”

“நாம ரெண்டு பேரும் காதுல கேட்டோம். மறுபடி கூப்பிட்டுப் பேச வெக்கலாம். அது கொலைங்க.”

“கொலைதான். கொலைன்னு ஆயிட்டா வெள்ளியங்கிரி யாரு?”

மயில்சாமி கதவை விட்டு மேஜைக்கு வந்தான்.

“சாட்சி,” என்றாள் நாகஜோதி. “துணியைக் கடைசியா நல்ல இடத்துல பார்த்த ஒரே சாட்சி. கேசு முடியற வரைக்கும் பாஸ்போர்ட்டைத் தர மாட்டாங்க. அங்கேயே இருக்கணும். ரெண்டு வருஷமோ, அஞ்சு வருஷமோ. பாஷை தெரியாத ஊர்ல, யாருமில்லாம. பெரியவரு திரும்பி வரப்போறதில்லை. இந்த ஆள் வரலாம்.”

“அப்ப அந்தம்மா?”

நாகஜோதி ரெக்கார்ட் செய்த முதல் பாதியை வக்கீலுக்கு அனுப்பினாள். இரண்டு நீலக் கோடு விழும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேப்பமரத்தடியில் பழனியம்மாள் எழுந்து நின்றாள்.

“வந்துருவாருங்களா மேடம்?”

“வந்துருவாரு. வக்கீல் பார்த்துட்டார்.”

அவள் உடனே அழுதுவிடவில்லை. முகத்தை மட்டும் துடைத்துக்கொண்டாள். பிறகு பந்தல் பக்கம் பார்த்தாள். “அப்ப அந்தத் துணியை யாருங்க அங்க கொண்டுபோய்ப் போட்டது?”

“சுபஸ்ரீ. வெயில்ல காயட்டும்னு போட்டாங்களாம்.”

பழனியம்மாள் நாகஜோதியின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

“வெயில்லதான் போட்டிருப்பாங்க,” என்றாள் கடைசியில். “அப்படியே இருந்துட்டுப் போகட்டுமுங்க.”